ஆலோசகருக்குப் பிரசவ விடுப்பு கிடையாது

தம்பி,

நீ இப்போது விடுப்பில் இருக்கிறாய் என்பதால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்க உனக்கு நேரம் இருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்றவனுக்கும் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கிற நாடு நெதர்லாந்து என்று நீ போனில் சொன்னபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. நீ பிறந்த அன்று உன் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து, உன்னை எட்டிப் பார்த்து, "மூக்கு எங்க ஆத்தா மூக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஆபீஸ் நேரத்துக்கு ஆபீசில் இருந்தவர். அதற்காக அவரை நான் குறை சொன்னதில்லை. தகப்பன்மார் வார்டில் நின்றால் இடைஞ்சல் என்றுதான் அப்போது நர்சுகளும் நினைத்தார்கள். நீ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கால்வாய்க் கரையில் நடக்கிற படம் வந்து சேர்ந்தது. நன்றாக இருக்கிறாய். குழந்தையின் குல்லாயைக் காது மறையும்படி இழுத்துவிடு. இனி எழுதப் போவதை உன் அம்மாவாக மட்டும் எழுதவில்லை. நீ வேலை பார்க்கிற கம்பெனியின் மதுரைக் கிளைக்கு உள்ளூர் இயக்குநர் என்று ஒருத்தி இருக்கிறாள் அல்லவா, அவளும் சேர்ந்துதான் எழுதுகிறாள். எந்த வரியை யார் எழுதியது என்று எனக்கே சில இடங்களில் தெரியவில்லை.

அந்தப் பதவி எனக்கு எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். இந்தியாவில் கம்பெனி தொடங்கினால் இயக்குநர்களில் ஒருவராவது இந்தியாவில் குடியிருக்க வேண்டும் என்று சட்டம். நீ முதலில் அப்பாவிடம்தான் கேட்டாய். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் ரிட்டயர் ஆனதே இனிமே எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னுதான். உங்கம்மாட்ட கேளு. தொழிலாளர் சட்டத்த வகுப்புல நடத்துனவ அவதான்" என்றார். நீ என் பக்கம் திரும்பி, "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா. மத்தபடி ஒனக்கு ஒரு வேலையும் இருக்காது" என்றாய். உலகத்தில் பெரிய பொறுப்புகள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடுதான் கைமாறுகின்றன. பொருளாதாரத்தில் தொழிலாளர் நலச் சட்டங்கள் என்ற பாடத்தைப் பெண்கள் கல்லூரி ஒன்றில் என் தலைமுடி நரைக்கும்வரை நடத்தியவள் நான். என்னிடம் படித்தவர்கள் அதைப் பரீட்சையில் எழுதினார்கள், மதிப்பெண் வாங்கினார்கள், பிறகு அந்தச் சட்டங்களில் ஒன்றுகூட எட்டிப்பார்க்காத இடங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட இடம் ஒன்றுக்கு நானே இயக்குநராவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. திருநகர் மெயின் ரோட்டில் மெத்தைக் கடைக்கு மேலே மாடியில் நம் அலுவலகம். அங்கே ஆன்லைனில் செருப்பும் ஷூவும் வாங்குகிற டச்சுக்காரர்கள், அது கடிக்கிறது, இது தளர்கிறது, படத்தில் பார்த்த நீலம் வேறு என்று எழுதும் புகார்களுக்கு மதுரைப் பிள்ளைகள் உட்கார்ந்து பணிவாகப் பதில் எழுதுகிறார்கள். பதினைந்து பேர். இதில் ஒன்பது பேர் ஊழியர்கள், ஆறு பேர் ஆலோசகர்கள். பத்துப் பேரை வேலைக்கு வைத்தால் பிரசவ விடுப்புச் சட்டம் படியேறி வந்துவிடும் என்று உன் ஆடிட்டர் சொன்னதால் ஒன்பதில் கோடு கிழித்தாய். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சுதந்திரமான ஆலோசகர்கள். இந்தச் சுதந்திரமான ஆலோசகர்கள் காலை ஒன்பது மணிக்குக் கைரேகை வைக்க வேண்டும், கம்பெனி கம்ப்யூட்டரில்தான் வேலை செய்ய வேண்டும், காது குத்துக்கும் கிடா வெட்டுக்கும் முன்கூட்டியே லீவு கேட்க வேண்டும். அவர்கள் இதுவரை யாருக்கும் எந்த ஆலோசனையும் சொன்னதாக எனக்குத் தெரியாது. ஒருமுறை ஒரு பெண் ஏசியைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டாள். அதுவும் ஏற்கப்படவில்லை.

புதிதாக வரும் உங்கள் ஊர் மேலாளர்களுக்காக நீ தயாரித்த ஒரு பவர்பாயின்ட் படத்தொகுப்பை எனக்கும் அனுப்பியிருந்தாய். வெளிநாட்டில் ஆள் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை என்று தலைப்பு. அந்த வெளிநாடு எது என்று இரண்டு பக்கம் தள்ளிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. இங்கே பண்டிகைகள் அதிகம். தலையை ஆட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பப் பிணைப்பு வலுவானது, அதை நிர்வாகம் சாதகமாகப் பயன்படுத்தலாம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வளர்ந்தவன் எழுதியது இது. எழுதியவன் பெயர் கடைசிப் பக்கத்தில் இல்லையென்றால், நம் ஊருக்கு ஒருமுறை சுற்றுலா வந்து வயிற்றுப்போக்கோடு திரும்பிப் போன யாரோ ஒருவர் என்று நினைத்திருப்பேன்.

அந்தக் குடும்பப் பிணைப்பு என்கிற இடத்தில்தான் நான் வேலைக்கு வருகிறேன். நேர்காணலில் பெண்களிடம் கல்யாணம் ஆயிற்றா, குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்றெல்லாம் உங்கள் நாட்டில் கேட்கக் கூடாது. கேட்டால் கம்பெனி கூண்டில் நிற்க வேண்டும். அதனால் நீங்கள் அனுப்பும் நேர்காணல் கேள்வித்தாளில் அவை இருக்காது. "நீ பேச்சோட பேச்சா கேட்ரும்மா. நீ கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்று சொன்னாய். சரிதான். நம் பக்கத்தில் வயதான சுமங்கலி ஒருத்தி கல்யாணமான பெண்ணைப் பார்த்து "என்ன, விசேஷம் உண்டா" என்று கேட்கலாம். பஸ்ஸில் கேட்கலாம், ரேஷன் கடை வரிசையில் கேட்கலாம். கேட்கப்பட்டவள் தலையைக் குனிந்து சிரிப்பாள், அல்லது "இன்னும் இல்லக்கா" என்பாள். யாரும் கோபிப்பதில்லை. ஒருவர் வீட்டு நல்லதில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறவர்களின் பழக்கம் அது. அந்தப் பழக்கத்துக்கு நெதர்லாந்தில் ஒரு பயன் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

செல்வியை உனக்குத் தெரியாது. திரையில் ஒரு சின்னச் சதுரத்தில் பார்த்திருப்பாய். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். அவள் அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்தார்கள். சமயநல்லூரில் வாழ்க்கைப்பட்டு அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். மிகவும் கோபமான டச்சுக்காரர்களை அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். ஒருமுறை ஒரு அம்மாள் இடது கால் ஷூ மட்டும் இரண்டு வந்திருப்பதாக நாலு பக்கம் திட்டி எழுதியிருந்தாள். செல்வி அதைப் படித்துவிட்டு, "எங்க மாமியா இதவிட நல்லா வைவாக, மேடம். இவுக இன்னும் பழகணும்" என்று சொல்லிவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தாள். அந்த அம்மாள் மறுநாள் நன்றி சொல்லி எழுதினாள். ஆலோசகர்களில் முதலில் ஊழியராக்கப்பட வேண்டியவள் செல்விதான் என்று நான் உன்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றாய்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்ததும் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். "என்னடி, விசேஷமா?" அவள் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். "நாள் தள்ளிருக்கு மேடம். நேத்துதான் டெஸ்ட் பண்ணேன். யார்ட்டயும் சொல்லிறாதீங்க, மூணு மாசம் முடியட்டும்." நான் என் கைப்பையில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவளிடம் கொடுத்து, மோந்து பார், குமட்டல் அடங்கும் என்றேன். சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது சொல்லிவிட்டேன். மகனிடம் சொல்வது வெளியில் சொல்வது ஆகாது என்று நினைத்தேன். உன் மனைவிக்கும் அப்போது ஆறாம் மாதம். அவள் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையும், நீ எப்போது விடுப்பு எடுக்கலாம் என்று உன் மேலதிகாரியே நாள்காட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியதையும் சொன்னாய். அந்தச் சந்தோஷத்தில் இந்தச் சந்தோஷத்தையும் சேர்த்து வைத்தேன். "நல்ல விசயந்தானம்மா" என்றாய். அப்புறம், "எப்ப டெலிவரி இருக்கும்?" என்று கேட்டாய். போனை வைத்துவிட்டு உன் அப்பாவிடம், பாருங்கள், யார் வீட்டுப் பிள்ளையோ, அவள் பிரசவ தேதிவரை அக்கறையாக விசாரிக்கிறான் என்றேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். அவருக்கு உன்னை என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் போலிருக்கிறது.

அடுத்த மாதம் உங்கள் மனிதவளப் பிரிவிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. வணிகத் தேவைகள் மாறியிருப்பதால் கீழ்க்கண்ட ஆலோசகரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது, உள்ளூர் இயக்குநர் கையெழுத்திட்டு அனுப்பவும். கீழே செல்வியின் பெயர் மட்டும் இருந்தது. டச்சுக்காரர்கள் திடீரென்று செருப்புப் போடுவதை நிறுத்திவிட்டார்களோ என்று பார்த்தேன். அன்றைக்கும் புகார்கள் வழக்கம்போல் குவிந்துதான் கிடந்தன. உன்னைக் கூப்பிட்டேன். நாம் பேசியதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

"அம்மா, அவ எம்ப்ளாயியே இல்ல. கன்சல்டன்ட். கான்ட்ராக்ட் முடிஞ்சுச்சு, அவ்வளவுதான். லீகலா ஒண்ணும் தப்பில்ல, ஆடிட்டர்ட்ட கேட்டுட்டேன்."

"கன்சல்டன்டுன்னா, அன்னைக்கு பஸ் கிடைக்காம பத்து நிமிசம் லேட்டா வந்ததுக்கு ஏன்டா மெமோ குடுத்தீங்க?"

"அது ப்ராசஸ்ம்மா. நீ இத பர்சனலா எடுத்துக்காத. அவளுக்கு ஆறு மாசம் லீவு குடுத்தா, நாளைக்கு மத்த அஞ்சு பேரும் கேப்பாங்க."

"கேட்டா?"

"கேட்டா இந்த ஆபீஸே மதுரைல இருக்காதும்மா. இதவிடச் சீப்பா ஆள் கிடைக்கிற ஊரு நெறய இருக்கு."

நீ பயமுறுத்தவில்லை என்று எனக்குத் தெரியும். உன் மேலே இருப்பவர்கள் உன்னிடம் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னாய். அதைச் சொன்ன குரலில் கொஞ்சம் களைப்பு இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. போடாததால் என்ன ஆகிவிட்டது என்பதையும் எழுதிவிடுகிறேன், நான் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டதாக நீ நினைக்க வேண்டாம். திங்கட்கிழமை செல்வி வந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் அவள் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மறுபடி அடித்தாள். பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள், அவளுக்குத் திறந்தது. மத்தியானம்வரை கறுத்த திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டம் இயக்குநரின் கையெழுத்தைக் கேட்கிறது. கம்ப்யூட்டர் கேட்பதில்லை. தொழிலாளர் சட்டம் நடத்திய காலத்தில் வேலைநீக்கத்துக்கு இத்தனை நடைமுறைகள் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அங்கிருந்து ஒருவர் பொத்தானை அமுக்கினால் இங்கே ஒருத்தியின் வேலை போய்விடும் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

அவளை என் அறைக்குள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நான் ஒங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன், மேடம். எங்க மாமியாளுக்கே மறுவாரந்தான் தெரியும்." அவ்வளவுதான். டச்சுக்காரர்களை நாலு பக்கத்துக்குச் சமாளிக்கிறவள் என்னிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். கர்ப்பமான பெண் தனியாகப் படி இறங்குகிறாளே என்று கூடப் போக எழுந்தேன். எந்த முகத்தோடு போவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ பிறந்தபோது எனக்கு மூன்று மாதம் விடுப்புக் கிடைத்த கதையை உனக்குச் சொன்னதில்லை. எங்கள் முதல்வர் அம்மாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அவரை எதிர்த்துப் பேசியிருந்தேன். என் விண்ணப்பத்தைக் கையில் வாங்கி, "பரீட்சை நேரமாப் பாத்துப் பெத்துக்கிறீங்க" என்றார். சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார், ஏனென்றால் போடாமல் இருக்க அவருக்கு வழியில்லை. மூன்று மாதம் உன்னை மடியில் போட்டுக்கொண்டு அவரை நினைத்து நினைத்துச் சிரித்தேன். என்னைப் பிடிக்காத ஒருவரிடமிருந்து அது எனக்குக் கிடைத்தது. செல்வியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உனக்கும் அவள்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. பிரியத்தை நம்பி வந்தவளுக்கு எலுமிச்சம்பழம்தான் கிடைத்தது. நீ அந்நிய நாட்டில் ஆள் எடுக்கிறாய் என்றால் அந்த நாட்டுச் சட்டத்தைப் படி, தம்பி. அது உள்ளே வராமல் தடுக்க எங்கே கோடு கிழிக்கலாம் என்று பார்ப்பதற்காகப் படிக்காதே. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்கூட ஒருவரிடம் ஒருவர் வேலை பார்க்க முடிவது சட்டம் இருப்பதால்தான். நாம் அறியாதவர்கள் இல்லையே என்று நீ சொல்லலாம். இல்லை, ஆகிவிட்டோம். உனக்கு மதுரை வெளிநாடு. அதை ஒப்புக்கொண்டுவிட்டால் இந்த ஊர் மனிதர்களிடம் நீ இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்வாய் என்பது என் எண்ணம். நீ இப்போது குடியிருக்கிற ஊர்க்காரர்களிடம் எத்தனை மரியாதையாக இருக்கிறாய் என்று பார்த்திருக்கிறேன்.

பிறகு செல்வியை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வந்தாள். தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடு, நீ ஆலோசகர் என்பது பெயருக்குத்தான், பதினைந்து பேரையும் எண்ணச் சொல், நானே எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாம் மேடம்" என்றாள். "அடுத்த எடத்துக்கு வேலைக்குப் போனா கேஸ் போட்ட பொண்ணும்பாக. எங்க வீட்டுக்காரரு இப்பவே, பேசாம வீட்ல இருன்னுதான் சொல்றாரு. இதச் சாக்கா வச்சு ஒரேயடியா இருக்க வச்சிருவாரு." பிறகு சொன்னாள். "எனக்கு ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் குடுங்க. கன்சல்டன்ட்னு போடாதீங்க, மேடம். வேல பாத்தேன்னு போடுங்க. பிள்ளை பொறந்து நாலஞ்சு மாசத்துல நான் எங்கயாச்சும் வேலைக்குப் போயாகணும். இல்லாட்டி நான் படிச்சதுக்கு அர்த்தமே இல்ல."

இரண்டு தாள் எழுதிக் கொடுத்தேன். ஒன்று அவள் கேட்டது. இன்னார் நம் நிறுவனத்தில் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை ஊழியராகப் பணிபுரிந்தார், மிகத் திறமையாகப் பணிபுரிந்தார். மற்றது அவள் கேட்காதது. வேலை நேரத்தையும் வேலை முறையையும் கம்பெனிதான் தீர்மானித்தது, நீக்கப்பட்டபோது அவர் கர்ப்பமாக இருந்தார், கம்பெனிக்கு அது தெரியும், தெரிவித்தது நான். இரண்டிலும் உள்ளூர் இயக்குநர் என்று கையெழுத்திட்டு முத்திரை வைத்தேன். இந்த இரண்டாவது தாள் ஒரு நாள் தொழிலாளர் அலுவலக மேசைக்குப் போனால் உன் கோடு அழிந்துபோகும். முதல் எதிர்மனுதாரர் நான், அடுத்தது நீ. உன் அப்பா, "வயசான காலத்துல என்னையும் கோர்ட்டு வாசல்ல நிறுத்தப் போற" என்றார். நிற்கத் தேவையில்லை, பெஞ்சு போட்டிருப்பார்கள் என்றேன். செல்வி இரண்டாவது தாளை மெதுவாகப் படித்தாள். கிழிக்கவில்லை, நன்றி சொல்லவும் இல்லை. மடித்துப் பைக்குள் வைத்தாள். அதை அவள் பயன்படுத்துவாளா, பெட்டிக்கு அடியில் போட்டு வைப்பாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற இடத்தில் நான் இல்லை. நீயும் அவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம். அவளை மறுபடி வேலையில் எடுத்து, அவள் விடுப்பை முறைப்படி கொடுத்து, மற்ற ஐந்து பேரையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவருவதானால் மட்டும் கூப்பிடு. விடுப்பு முடிந்து நீ திரும்பும்போது உன் நாற்காலி அங்கேயே இருக்கும் என்பதால் யோசிக்க உனக்கு அவகாசம் இருக்கிறது. அப்படிச் செய்ய மாட்டாய் என்றால், இந்தியாவில் குடியிருக்கிற வேறொருவரை இயக்குநராகப் பார்த்துக்கொள். நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பேச்சோடு பேச்சாகக் கேட்கத் தெரிந்தவராகப் பார்.

போன ஞாயிற்றுக்கிழமை செல்விக்கு வளைகாப்பு. எனக்கு யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை மாடி ஏறும்போதே தெரிந்துவிட்டது. நம் ஆபீஸ் பெண்கள் எல்லோரும் சமயநல்லூருக்குப் போய் வந்திருக்கிறார்கள், ஆலோசகர்களும் ஊழியர்களும் சேர்ந்து. ஒவ்வொருத்தி கையிலும் சிவப்பும் பச்சையுமாகப் புதுக் கண்ணாடி வளையல். பொருந்தாத ஷூக்களுக்கு மன்னிப்புக் கேட்டு வேகமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறை முழுக்க வளையல் சத்தம், கதவுக்கு வெளியிலேயே கேட்டது. நான் கதவைத் திறந்து உள்ளே போனேன். சத்தம் நின்றுவிட்டது.

அம்மா